வெப்பம் எங்கே போகிறது? கிளச்சும் பிளைவீலும்

டர்போ அழுத்தத்தைக் கூட்டிய பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஒன்று கொழும்பு மரைன் டிரைவில் நான்காம் கியரில் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் அக்சிலேட்டரை அழுத்துகிறார். எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 3,500இலிருந்து 5,000க்குத் தாவுகிறது. வேகம் காட்டும் முள்ளோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சற்று நேரத்தில் கருகல் வாடை வருகிறது. கிளச் வழுக்கத் தொடங்கிவிட்டது. முதலாம், இரண்டாம் கியரில் இது தெரிந்திருக்காது. அங்கே சுற்று விறுவிறுவென்று ஏறி, முறுக்கம் உச்சமாக இருக்கும் பகுதியை நொடியில் கடந்துவிடும். மேல் கியரில் எஞ்சின் அந்த உச்சத்திலேயே நெடுநேரம் நின்று தள்ளுவதால், கிளச்சின் பலவீனம் அங்கேதான் முதலில் வெளிவரும்.

இத்தகைய கார்களைத் திருத்தி ஓடுவது கொழும்பில் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றி ஓட வேண்டிய ஆண்டுகள். அப்படிக் காப்பாற்றப்பட்டவற்றில் கொஞ்சம் வேகமும் ஏற்றப்பட்ட கார்கள் இன்றும் காலையில் வேலைக்கும் மாலையில் டியூஷன் வகுப்புக்கும் ஓடுகின்றன. அவற்றுக்குப் புதுக் கிளச் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இது எவ்வளவு முறுக்கம் தாங்கும்? அதற்கு விடை எளிது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நெரிசலில் போய் வருகிற காருக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று இருக்கிறது. கிளச்சில் பிறக்கும் வெப்பம் எங்கே போகிறது?

முதலில் எளிதான கேள்வியை முடித்துவிடுவோம்.

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் பிளைவீல் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் தட்டையான முகத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளச் பிளேட் நெருக்கப்படுகிறது. நெருக்குவது ஒரு டயஃபிரம் ஸ்பிரிங். கூம்பு வடிவத் தட்டு ஸ்பிரிங்குக்கு 1867இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற பெல்வில்லின் வழிவந்தது. கிளச் தாங்கும் முறுக்கம் நான்கு எண்களின் பெருக்கம்: உராயும் முகங்கள் இரண்டு, உராய்வுக் குணகம், ஸ்பிரிங் நெருக்கும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரை. ஓர் உதாரணம் எடுப்போம். குணகம் 0.3, விசை 4,500 நியூற்றன், ஆரை 8.5 சென்ரிமீற்றர் என்றால், கிளச் ஏறத்தாழ 230 நியூற்றன் மீற்றர் தாங்கும். 1990களின் ஸ்டார்லெட் ஜி.டி. டர்போவில் இருந்த 1,331 சி.சி. எஞ்சின், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 135 குதிரை வலுவும் 157 நியூற்றன் மீற்றர் முறுக்கமும் தந்தது. நம் உதாரணக் கிளச் அதற்குத் தாராளம். டர்போ அழுத்தத்தைக் கூட்டி முறுக்கத்தை 210க்குக் கொண்டுபோனால் மிச்சம் 20தான். பிளேட் சூடேறிக் குணகம் 0.25க்கு இறங்கினால் கிளச்சின் பிடி 191. மரைன் டிரைவில் நடந்தது இதுதான்.

அந்த நான்கு எண்களில் பிளேட்டின் பரப்பளவு இல்லை என்பதைக் கவனியுங்கள். உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று பிரெஞ்சு அறிஞர் அமொன்தோன் 1699இல் எடுத்துக்காட்டினார். பின்னர் கூலோம் விரிவான பரிசோதனைகளால் அதை உறுதிசெய்தார். முழு வட்டமாக உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும், ஆறே ஆறு துண்டுகள் மட்டும் பொருத்திய பந்தயப் பிளேட்டும் ஒரே பொருளால் ஆனவையாகவும் ஒரே ஆரையில் உராய்வனவாகவும் இருந்தால் ஒரே முறுக்கத்தைத்தான் தாங்கும். துண்டு பிளேட் அதிகம் தாங்குவதற்குக் காரணம் அதன் பொருள். செப்புத் தூளும் செராமிக்கும் சேர்த்துச் சுட்டெடுத்த அந்தத் துண்டுகளின் குணகம் 0.4ஐத் தொடும். பரப்பளவு முக்கியமாவது வேறு இடத்தில்: தேய்மானத்திலும் வெப்பத்தைப் பரப்புவதிலும்.

அப்படியானால் செராமிக்கையே வாங்கிவிடலாமே? கொட்டாஞ்சேனைப் பக்கம் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கேட்டால் அவர் பிளேட்டைப் பற்றிப் பேச மாட்டார், உங்களைப் பற்றிக் கேட்பார். “தம்பி, இந்தக் கார்ல வேலைக்குப் போறீங்களா, ரேஸ் ஓடுறீங்களா?” “வேலைக்குத்தான் அண்ணே.” “அப்ப செராமிக் வேணாம். வீட்டு ஆக்கள் ஓட்ட மாட்டாங்க.”

அவர் சொல்வதற்குப் பின்னால் நல்ல பௌதிகம் இருக்கிறது. வழுக்கும்போது உள்ள குணகமும் வழுக்காமல் நிற்கும்போது உள்ள குணகமும் ஒன்றல்ல. சாதாரண ஓர்கானிக் பிளேட்டில், அதாவது கண்ணாடி இழை, செப்புக் கம்பி, பிசின் சேர்ந்ததில், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாதபடி கலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆகவே பெடலை விடவிட முறுக்கம் படிப்படியாக ஏறும். செராமிக்கில் வழுக்கும் வேகம் குறையக் குறையக் குணகம் ஏறும். பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்து என்று கார் முழுவதும் உதறும். பம்பலப்பிட்டிச் சந்தியில் முன்னே பஸ், பின்னே ஓட்டோ, நடுவில் அரை மீற்றர் நகர வேண்டும் என்றால் அந்த உதறல் பெரிய தொல்லை. கெவ்லார் பிளேட் மென்மையாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒருமுறை மிகச் சூடேறி முகம் பளபளப்பாகிவிட்டால் பழைய பிடி எளிதில் திரும்பாது.

இனி வெப்பம். நின்ற கார் புறப்படும்போது எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கிறது, சில்லு நிற்கிறது. இரண்டும் ஒரே கதிக்கு வரும்வரை கிளச் வழுக்கியே ஆக வேண்டும். பயணிகளோடு 1,000 கிலோகிராம் திணிவுள்ள கார் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தை எட்டும்போது அதன் இயக்கச் சக்தி ஏறத்தாழ 3,900 யூல். எஞ்சின் சுற்றை அந்த வேகத்துக்குரிய 1,300 அளவில் நிலையாக வைத்துப் புறப்பட்டால், கிளச்சில் வெப்பமாகும் சக்தியும் சரியாக அதே 3,900 யூல்தான். எந்த நிறுவனத்தின் பிளேட், என்ன விலை, எவ்வளவு மெதுவாகப் பெடலை விட்டீர்கள் என்பவை இந்தக் கணக்கை மாற்றாது. மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது: எஞ்சின் சுற்று. பயந்து பயந்து 2,600க்கு ஏற்றி, அதே 10 கிலோமீற்றர் வேகம் வரும்வரை அந்தச் சுற்றிலேயே பிடித்தால், எஞ்சின் செய்யும் வேலை இரட்டிப்பாகும். காருக்குப் போவதோ அதே 3,900 யூல். மிச்சமெல்லாம் வெப்பம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிளச்சில் விழுவது மூன்று மடங்கு. சுற்று இருமடங்கானால் சூடு மும்மடங்கு. கிளச்சைப் பற்றி ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்க விரும்பினால் இதை வைத்திருங்கள்.

காலி வீதியிலும் புறக்கோட்டை நெரிசலிலும் நூறு தடவை நின்று புறப்பட்டாலும், ஒழுங்காக ஓட்டுபவருடைய கிளச் அதைத் தாங்கும். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. கிளச்சைக் கொல்லும் இடங்கள் வேறு. வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும் சரிவுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் சரிவில், வீதியில் இடைவெளி கிடைக்கும்வரை பிறேக் பிடிக்காமல் கிளச்சிலேயே காரை நிறுத்தி வைத்திருக்கிறார் ஒருவர். எஞ்சின் 1,500 சுற்றில் இருந்தால், கார் ஓர் அங்குலமும் நகராமல் கிளச்சில் 4 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. இரண்டு மின்சாரக் கேத்தல்களைக் கியர் பொக்ஸுக்குள் போட்டு மூடியதற்குச் சமம். பத்துச் செக்கனில் 43,000 யூல். பதினொரு தடவை புறப்படும் வெப்பம் ஒரே மூச்சில், ஒரே இடத்தில். கைபிறேக் இருப்பது இதற்காகத்தான்.

இந்த வெப்பத்தை முதலில் வாங்கிக்கொள்வது உலோகம். ஏறத்தாழ பாதி பிளைவீலுக்கும் பாதி பிரஷர் பிளேட்டுக்கும் போகும். காற்றோட்டம் குறைந்த அந்தக் கூட்டுக்குள் உடனடியாக வெளியேற வழி இல்லை. ஆகவே வார்ப்பிரும்பின் திணிவுதான் அந்த நிமிடத்துக்கான களஞ்சியம். களஞ்சியம் சிறிதானால் அதே வெப்பத்துக்கு வெப்பநிலை கூட ஏறும். ஓர்கானிக் பிளேட்டின் பிசின் கருகத் தொடங்கினால் உள்ளே வருவது அந்தப் பழகிய வாடை. குணகம் விழும், அதனால் வழுக்கல் கூடும், அதனால் வெப்பம் இன்னும் கூடும்.

பிளைவீலைப் பற்றிய விவாதத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். இலேசான பிளைவீல் போட்டால் கார் பறக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதில் உண்மை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 28 சென்ரிமீற்றர் விட்டமும் 8 கிலோ திணிவும் கொண்ட பிளைவீலின் சடத்துவத் திருப்பம் 0.078 கிலோகிராம் சதுர மீற்றர் அளவில் வரும். அதை 4.5 கிலோ உருக்குப் பிளைவீலால் மாற்றினால், அதுவும் விளிம்பில் பாரம் குறைந்ததாக இருந்தால், பாதியாகும். முதலாம் கியரில் எஞ்சின் 14 தடவை சுற்றச் சில்லு ஒரு தடவைதான் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தக் குறைப்பு காரிலிருந்து ஏறத்தாழ 95 கிலோகிராமை இறக்கியதற்குச் சமம். ஒரு பெரிய ஆளை இறக்கிவிட்டது போன்ற வேறுபாடு. ஓட்டுபவர் உடனே உணர்வார். ஆனால் இந்த இலாபம் கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு சுருங்குகிறது. அதே கணக்கை ஐந்தாம் கியருக்குச் செய்தால் கிடைப்பது 5 கிலோ. அதிவேக நெடுஞ்சாலையில் மாத்தறை போகிறவருக்கு இலேசான பிளைவீல் எதையும் தராது.

அதற்கு விலை காலி வீதியில் கொடுக்கப்படுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைதான் வெடிக்கிறது. 800 சுற்றில் சும்மா நிற்கும்போது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருப்பது பிளைவீலில் சேர்ந்துள்ள சக்திதான். பாரமான பிளைவீலில் அது 275 யூல்; இலேசானதில் 140. கொழும்பில் ஏ.சி. போடாமல் ஓடுபவர் அரிது. ஏ.சி. கொம்பிரஸர் இழுக்கத் தொடங்கும் கணத்தில், எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் காற்றும் எரிபொருளும் கொடுப்பதற்குள், சுற்று விழுந்து எஞ்சின் நடுங்கும். பெடலைச் சற்று அவசரமாக விட்டால் நின்றே போகும். நாலைந்து தடவை நடுவீதியில் அப்படி நின்று, பின்னால் ஹோர்ன் அடிபட்டதும் ஓட்டுபவர் என்ன செய்வார்? சுற்றை ஏற்றிப் புறப்படப் பழகிக்கொள்வார். மேலே பார்த்த மும்மடங்குச் சூடு இங்கேதான் உள்ளே வருகிறது. வெப்பத்தைப் பெருக்கும் பழக்கத்தையும், அதைத் தாங்கும் உலோகத்தைக் குறைப்பதையும் இலேசான பிளைவீல் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. நகருக்குள் அன்றாடம் ஓடும் காருக்கு அது பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் உயிரோடு சம்பந்தப்பட்டது. நல்ல உருக்குப் பிளைவீல் விலை கூட. ஆகவே இருக்கிற வார்ப்பிரும்புப் பிளைவீலை லேத்தில் கொடுத்துக் கடைந்து பாரம் குறைக்கும் வழக்கம் இருக்கிறது. 7,000 சுற்றில் அதன் விளிம்பு செக்கனுக்கு 103 மீற்றர் வேகத்தில் போகிறது. அங்கே உள்ள ஒவ்வொரு கிராமும் 7 கிலோவுக்கு மேற்பட்ட பாரம்போல் வெளிப்பக்கம் இழுக்கும். விளிம்பு வளையத்தில் ஏற்படும் தகைப்பு 75 மெகாபாஸ்கல் அளவு. சாதாரண வார்ப்பிரும்பு 200 அளவில் முறியும். இடைவெளி போதுமென்று தோன்றும். ஆனால் துளைகளின் ஓரத்திலும் கடைசல் விட்ட கூரிய மூலையிலும் தகைப்பு இரண்டு மூன்று மடங்காகும், வெப்பத்தால் வெடித்த மயிரிழைக் கீறல்கள் அதை இன்னும் கூட்டும். உடைந்த பிளைவீலின் துண்டு கியர் பொக்ஸ் கூட்டைப் பிளந்து வெளியேறும். முன்சில்லு இயக்கக் காரில் அது ஓட்டுபவரின் கால்களிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. பந்தயங்களில் பிளைவீலுக்கும் கிளச்சுக்கும் எஸ்.எஃப்.ஐ. 1.1 என்ற தனித் தரமே வைத்திருப்பது இந்த ஆபத்துக்காகத்தான். வார்ப்பிரும்பைப் பாரம் குறைக்கக் கடையாதீர்கள். முகத்தைச் சமப்படுத்துவதற்கு மட்டும் கடையலாம்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 1985இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இரட்டைத் திணிவுப் பிளைவீல், இரண்டு பாரங்களுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்து எஞ்சின் அதிர்வு கியர் பொக்ஸுக்குப் போகாமல் தடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் திணிவுப் பிளைவீல் போடுவது செலவு குறைவு. டீசல் எஞ்சினில் அப்படிச் செய்தால் கியர் பொக்ஸ் சும்மா நிற்கும்போதே கடகடக்கும். அந்தச் சத்தம் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது.

பழைய கிளச்சைக் கழற்றிய அன்று கராஜில் கூடவே நில்லுங்கள். சாக்கு விரித்து வைத்திருக்கும் பிளைவீலின் முகம் நிறைய சொல்லும். நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் அந்த இடங்கள் மட்டும் அளவுக்குமீறிச் சூடேறியிருக்கின்றன. அங்கே இரும்பு இறுகிப்போயிருக்கும், புதுப் பிளேட் அதன்மேல் உதறும். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கீறல் இருந்தால் அந்தப் பிளைவீலை மீண்டும் பூட்டக்கூடாது. சீராகப் படர்ந்த மெல்லிய துரு, கடற்கரையோரம் வாரக்கணக்கில் நின்ற காரில் வருவது, கடைந்தால் போய்விடும். கழற்றிய பிளேட்டின் நடுவில் உள்ள சிறு ஸ்பிரிங்குகளைக் கையால் அசைத்துப் பாருங்கள், அளவுக்குமீறி ஆடினால் அதிர்வைத் தாங்கும் வேலையை அவை கைவிட்டிருக்கலாம். கூட்டுக்குள் கிடக்கும் கறுப்புத் தூசைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் சேர்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைப்பதே மெக்கானிக்கின் நுரையீரலுக்கு நல்லது. ஒயில் ஈரம் தெரிந்தால் கிராங்க் தண்டின் பின் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது காசைக் குப்பையில் போடுவது.

லேத்தில் கொடுக்கும்போது ஒரு விடயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில பிளைவீல்களில் பிளேட் உராயும் முகமும் பிரஷர் பிளேட் பூட்டும் முகமும் ஒரே மட்டத்தில் இருக்காது, நடுவே படி இருக்கும். உராயும் முகத்தில் அரை மில்லிமீற்றர் எடுத்தால் மற்றதிலும் அதே அரை மில்லிமீற்றர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஸ்பிரிங் போதுமான அளவு நெருங்காது, காசு கொடுத்து வாங்கிய பிடி குறைந்துவிடும்.

ஆக, முறுக்கத்தை 210 அளவுக்கு உயர்த்திய, நாள்தோறும் நகரத்தில் ஓடும் காருக்கு நான் எதை வாங்குவேன்? நல்ல ஓர்கானிக் முகம், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட். கூடுதல் பிடியைப் பிளேட்டின் பொருளிலிருந்து தேடாமல் பிரஷர் பிளேட்டிலிருந்து எடுப்பேன்: 4,500 நியூற்றனுக்குப் பதில் 5,600 நெருக்குவது. 0.3 குணகத்துக்கு அது 285 நியூற்றன் மீற்றர். எஞ்சினைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சூடேறிக் குணகம் 0.25க்கு விழுந்தாலும் 238 மிஞ்சும். இதைவிடக் கூட்டுவதில் நன்மை இல்லை. பெடல் பாரமாகும், சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை கிராங்க் தண்டைத் தாங்கும் திரஸ்ட் வொஷரில் விழும். கிளச் ஒருபோதும் வழுக்காத அளவுக்கு இறுகினால், தவறான கியரில் பெடலை விட்ட அன்று உடைவது கியர் பொக்ஸின் பல். கியர் பொக்ஸை விடக் கிளச் மலிவு.

பிளைவீல், தொழிற்சாலைப் பாரத்திலேயே இருக்கட்டும். முகத்தைக் கடைந்து சமப்படுத்தினால் போதும். நுவரெலியா மலையேற்றப் போட்டிக்கு மட்டும் வைத்திருக்கும் காராக இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்; அங்கே இரண்டாம், மூன்றாம் கியரில் கிடைக்கும் இலாபம் உண்மையானது, நெரிசலும் இல்லை.

பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் பிரஷர் பிளேட் மலிவாகக் கிடைக்கும். அதன் ஸ்பிரிங் விரல்களின் முனை தேய்ந்து குழி விழுந்திருக்கிறதா, எல்லா விரலும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒரே தொகுதியாகப் புதிதாக வாங்குவதே என் பரிந்துரை. கியர் பொக்ஸை இரண்டாம் தடவை இறக்கும் கூலியில் அந்த விலை வேறுபாடு அடிபட்டுப்போகும். பூட்டிய பின் முதல் 800 கிலோமீற்றருக்கு டர்போ அழுத்தத்தைக் குறைத்து வைத்து, நகருக்குள் சாதாரணமாக ஓடுங்கள். புது முகங்கள் ஒன்றோடொன்று படியும்வரை முழுப் பிடி வராது. அதற்கு முன் முழு முறுக்கத்தைக் கொடுத்தால் பிளேட் முகம் பளபளப்பாகி, வாங்கிய மாதத்திலேயே மரைன் டிரைவில் எஞ்சின் சுற்று மீண்டும் தாவும்.